பார்க்கலாம் என்ற தெய்வம்

பூசாரியாக ஆட யாருக்கும் பிடிக்கவில்லை. கண்டக்டரின் பிரச்சினை மொத்தமும் இவ்வளவுதான். ஆனால் இந்த இவ்வளவு, அவருடைய பல வருட உழைப்பைச் சாப்பிட்டு ஏப்பம் விட்டுவிடும் போலிருந்தது.

கண்டக்டர் என்றதும் பேருந்தைத் தேட வேண்டாம். மனிதர் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். லென்ஸைத் தேய்த்துச் சட்டத்துக்குள் உட்கார வைப்பது தொழில். பட்டப்பெயர் வந்தது சனிக்கிழமை மத்தியானங்களில் அவர் வீட்டு முன்னறையில் நடக்கும் ஆட்டத்தால். அவரே யோசித்து, அவரே விதி வகுத்து, அவரே வரைபடம் போட்டு உருவாக்கிய ஆட்டம். மேசையைச் சுற்றி உட்காருகிறவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம்: மந்திரவாதி, பூசாரி, போர்வீரர். "முன்னாடி ஒரு பாழடைஞ்ச கோட்டை. கதவு சாத்தியிருக்கு. என்ன செய்யறீங்க?" என்று கண்டக்டர் கேட்பார். அவரவர் வேஷத்துக்குத் தக்கபடி பதில் சொல்லிப் பகடையை உருட்டினால் கதை நகரும். ஏறுகிறவர்களை ஏற்றி, இறங்குகிறவர்களை இறக்கி, விசில் ஊதாத குறையாக ஆட்டத்தை ஓட்டிக்கொண்டு போவதால் அவர் கண்டக்டர்.

மந்திரவாதியாக ஆடுவது அவர் மனைவியின் தம்பி. லிப்ட் மெக்கானிக். அதே கட்டடத்தில் மொட்டைமாடி அறையில் குடியிருக்கிறான். போர்வீரர் எதிர்வீட்டு டீச்சர். வாரம் முழுக்கச் சின்னக் குழந்தைகளுக்கு மூக்கு துடைத்துவிட்டுப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் அம்மாள், சனிக்கிழமை வந்தால் கோடரியை எடுத்துக்கொண்டு பத்துத் தலையாவது உருண்டால்தான் வீட்டுக்குப் போவார். பூசாரி, கண்டக்டரின் மனைவி. இரண்டு பஸ் மாறிப் போய் ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோவாக வேலை பார்க்கிறவர். பிடித்த கழுத்து, மடங்காத முட்டி, தூக்க முடியாத தோள் எல்லாம் அவர் கைக்கு வரும்.

விளையாட்டுப் பலகையும் பகடையும் விற்கும் கடைக்காரம்மா ஒருவர் இந்த ஆட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, முன்பின் தெரியாத நாலு பேர் தன் கடையில் உட்கார்ந்து ஆடி ரசித்தால் அச்சடித்து விற்கத் தயார் என்றார். போன மாதம் முதல் முயற்சி நடந்தது. மந்திரவாதி வேஷத்துக்கு அடிதடி. பூசாரி வேஷத்தை ஒருவர் மாற்றி ஒருவர் தள்ளிவிட்டு, கடைசியில் அதிகம் பேசாத ஒரு கல்லூரிப் பெண்ணின் தலையில் கட்டினார்கள். இரண்டாவது டீ வருவதற்குள் அந்தப் பெண் தன் போனில் மூழ்கிவிட்டாள்.

"ஆட்டம் அருமையா இருக்கு. பூசாரிதான் சரியில்ல," என்றார் கடைக்காரம்மா. "மந்திரவாதி நெருப்பு விடுறார், மறையுறார், காத்துல நடக்கிறார். பூசாரி பாவம், கட்டு போட்டுக்கிட்டே இருக்கார். ஒருத்தரைத் தூங்க வைக்கிற ஆட்டத்தை நான் எப்படி விக்கிறது? அடுத்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை ஆடிப் பாப்போம். அதுலயும் சரியா வரலன்னா என்னைத் தப்பா நினைச்சுக்காதீங்க."

அன்றிலிருந்து கண்டக்டருக்குச் சோறு இறங்கவில்லை. லென்ஸ் தேய்க்கிறவர் அல்லவா, எதையும் கொஞ்சம் கூட்டிக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். முதலில் பூசாரிக்கு இரும்புக் கவசம் கொடுத்தார். மைத்துனன் குதித்தான்.

"மாமா, அக்கா இரும்புச் சட்டை போட்டுக்கிட்டு வருது. நான் ஒரு கந்தல் அங்கியோட நிக்கிறேன். ஒரு எலி கடிச்சாக்கூட நான் காலி. காயத்தையும் ஆத்தும், அடியும் தாங்கும்னா அப்புறம் மந்திரவாதி எதுக்கு?"

கவசத்தைப் பிடுங்கிக்கொண்டு கதாயுதம் கொடுத்தார். டீச்சருக்கு முகம் சுருங்கிவிட்டது. "அப்ப என் கோடரிய வீட்டுல வச்சுட்டு வந்துடவா?" என்றார். கதாயுதமும் போயிற்று. பிறகு, காயம் ஆற்றும் சக்தியை இரண்டு மடங்காக்கினார். செத்தவன் எழுந்து உட்காரும் அளவுக்கு அது வளர்ந்தது. சாவு பயமே இல்லாமல் போனதால் டீச்சர் கண்ட கண்ட குகைக்குள் எல்லாம் தலையை விட ஆரம்பித்தார்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் கண்டக்டர், கடையில் கண் பரிசோதிக்கிறவர் கேட்கிற தோரணையில் மனைவியிடம் கேட்பார். "போன வாரம் போட்டதா, இந்த வாரம் போட்டதா, எது நல்லா இருக்கு?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு," என்பார் அவர், கொட்டாவியை மறைத்துக்கொண்டு.

உண்மையில் பூசாரி வேஷம்தான் கண்டக்டருக்குச் செல்லப்பிள்ளை. மந்திரவாதிக்குக் கையில் சில மந்திரச் சீட்டுகள் உண்டு. போட்டால் பலித்துவிடும், ஆனால் போட்ட சீட்டு கதையில் மறுநாள் விடியும்வரை திரும்ப வராது. பூசாரிக்குச் சீட்டே கிடையாது. தெய்வத்திடம் எதை வேண்டுமானாலும் வேண்டிக்கொள்ளலாம், எத்தனை தடவை வேண்டுமானாலும் வேண்டிக்கொள்ளலாம். தெய்வம் மனசு வைத்தால் கிடைக்கும். தெய்வத்துக்காகப் பேசுவது கண்டக்டர். எல்லையே இல்லாத சக்தியைக் கொடுத்தும் இந்த ஜனங்களுக்கு அருமை தெரியவில்லையே என்று அவர் உள்ளுக்குள் குமைந்தார்.

கடையில் ஆட வேண்டிய ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் வழக்கம்போல எல்லோரும் கூடினார்கள். முன்னறையில் மேசை போக மிச்சம் இருப்பது ஆள் பக்கவாட்டில் நடக்கும் இடம்தான். பழைய கதவுப் பலகை ஒன்றுக்குக் கால் வைத்துச் செய்த மேசை அது. சுவரோரம் அட்டைப்பெட்டிகள், சுருட்டிய வரைபடங்கள், காய்ந்துபோன வர்ணப் புட்டிகள்.

கதை ஆற்றங்கரைக்கு வந்திருந்தது. பாலத்தில் கொள்ளைக்காரர்கள். மைத்துனன் ஒரு சீட்டை எடுத்துப் போட்டான். பாலம் பற்றி எரிந்தது. இன்னொரு சீட்டு, எதிரி ஒருவன் தவளையானான். மைத்துனனை யாரும் ஏன் என்று கேட்கவில்லை. டீச்சர் வெட்டித் தள்ளிக்கொண்டே போய், தோளில் அம்பு வாங்கிக்கொண்டு விழுந்தார்.

"பூசாரி," என்றார் கண்டக்டர், மனைவியைப் பார்த்து. வேறு ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்பது போல.

மனைவி டீ டம்ளரைக் கீழே வைத்தார். "டீச்சர் கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டும். நான் வேற ஒண்ணு வேண்டிக்கிறேன். எனக்குப் பறக்கணும்."

"எதுக்கு?"

"சும்மாதான். மேலேருந்து இந்த ஆறு எப்படி இருக்குன்னு பாக்கணும்."

கண்டக்டர் தாடையைத் தடவினார். தெய்வத்தின் குரலை வரவழைத்துக்கொண்டு, "தெய்வம் யோசிக்குது. பாக்கலாம்னு சொல்லுது," என்றார்.

விழுந்து கிடந்த போர்வீரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தத் தெய்வத்துக்கு வேற வார்த்தையே தெரியாது போல. குதிரை கேட்டப்பவும் இதேதான் சொல்லுச்சு."

"கோட்டைல இடி விழணும்னு கேட்டப்பவும்," என்றான் தம்பி.

"உங்களுக்குக் காயம் ஆத்தணும்னா உடனே குடுத்துடும்," என்றார் மனைவி. குரல் உயரவில்லை. "எனக்குன்னு கேட்டா பாக்கலாம். இத்தனை வருஷத்துல எனக்குன்னு நான் கேட்டது ஒண்ணாவது கிடைச்சிருக்கா? சொல்லுங்க."

கண்டக்டர் சொல்லத்தான் வாயைத் திறந்தார். குதிரை இல்லை, இடி இல்லை, மழைக்கு ஒதுங்க ஒரு சின்ன கோயில் கேட்டது, அதுவும் இல்லை.

"அட, உன் வேஷத்துக்குத்தானே எல்லையே கிடையாது," என்று சமாளித்தார். "நீ எதை வேணும்னாலும் கேக்கலாமே."

"கேக்கலாம். அதை மட்டும்தான் செய்யலாம். என் தம்பி மந்திரம் போடுறான், நான் மனு கொடுக்கிறேன். அவன் சீட்டை எடுத்துப் போட்டா நீங்களே நினைச்சாலும் தடுக்க முடியாது. நான் ஒவ்வொண்ணுக்கும் உங்க முகத்தைப் பாத்துக்கிட்டு உக்காரணும். கவசம் குடுத்தாலும் கதாயுதம் குடுத்தாலும் அது மாறாதுங்க." அவர் எழுந்தார். "இனிமே யாருக்காவது ஆடிக் காட்டணும்னா வேற பூசாரியைப் பாத்துக்கோங்க. எனக்கு அலுத்துப்போச்சு."

அவர் துணி எடுக்கப் பால்கனிப் பக்கம் போய்விட்டார். டீச்சர் அம்பு தைத்த தோளோடு செருப்பை மாட்டிக்கொண்டார். தம்பி தன் சீட்டுகளை அடுக்கி வைத்துவிட்டு, "மாமா, அக்கா சொல்றது சரிதான்," என்று முணுமுணுத்துவிட்டு மாடிப்படி ஏறினான்.

கண்டக்டருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. நாளைக்கு ஆட்டம், இன்றைக்கா இந்தச் சண்டை? தனியாக உட்கார்ந்து விதிகளைப் புரட்டலாம் என்று படுக்கையறைக்குப் போனார். பீரோவுக்குப் பின்னால் இருந்த பையை இழுத்தபோது, அதன் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த ஒன்று முழங்கையில் இடித்தது.

பிளாஸ்டிக் உறை பிரிக்காத சிகிச்சைக் கட்டில். மடக்கிவைக்கிற ரகம். உறை மேல் விரலால் பேர் எழுதலாம், அவ்வளவு தூசி.

அவர் மனைவி ஆசையாக வாங்கியது அது. முன்னறையில் அதைப் போட்டு, வீட்டிலேயே ஆட்களைப் பார்த்தால் இரண்டு பஸ் மாறி அலைய வேண்டாம், தன் பேரில் ஒரு பலகை மாட்டிக்கொள்ளலாம் என்று கேட்டிருந்தார். வாங்கிய அன்று கேட்டார். மழைக்காலத்தில் பஸ் நின்றுபோய் நனைந்து வந்த அன்று கேட்டார். எப்போது கேட்டாலும் கண்டக்டர் முகம் சுளித்ததில்லை. மேசையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஒரு நிமிஷம் யோசிப்பார், பிறகு சிரித்த முகமாகச் சொல்வார். என்ன சொல்வார் என்று இனிமேல் நான் வேறு சொல்ல வேண்டுமா?

பெண்டாட்டி கேட்டு ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை என்பதில் அவருக்குப் பெருமை வேறு. முடியாது என்று சொல்லியிருந்தாலாவது அவள் சண்டை போட்டு ஜெயித்திருப்பாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. கட்டில் மேலிருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

பால்கனியில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் போய் மறுமுனையில் ஒரு போர்வையைப் பிடித்துக்கொண்டார்.

"முன்னறை உனக்கு," என்றார். "நாளைக்குக் காலைல மேசையத் தூக்கிடறேன்."

அவர் போர்வையின் ஓரத்தைச் சேர்த்துப் பிடித்தபடி கணவரை உற்றுப் பார்த்தார். "ஆட்டத்துக்குப் பூசாரி வேணும்னு சொல்றீங்களா, எனக்காகச் சொல்றீங்களா?"

"இனிமே நீ பூசாரியா ஆட வேண்டாம். ஆட்டமே நடக்கலன்னாலும் மேசை போகுது." பிறகு, பொய் சொல்ல மனசு வராமல், "ஆட்டத்தைப் பத்தியும் கவலையாத்தான் இருக்கு," என்றார்.

மனைவிக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. போர்வையை மடித்து முடித்தார்கள். இன்னொன்றை எடுத்தார்கள்.

"முதல்ல நீங்க சாமி நாற்காலியிலேருந்து இறங்குங்க," என்றார் அவர்.

"இறங்கிட்டா சாமி யாரு?"

"என்கிட்ட வர்றவங்க, முட்டி மடங்கணும் டாக்டரம்மான்னு கேப்பாங்க. நான் ஒரு நாளும் பாக்கலாம்னு சொன்னதில்ல. மடங்கும்னுதான் சொல்வேன். ஆனா தினம் காலைல இந்தப் பயிற்சி செய்யணும், ஒரு மாசத்துக்கு மாடி ஏறக் கூடாதுன்னு சொல்வேன். கேட்டது கிடைக்கும், கூடவே ஒரு விரதமும் வரும். வேணுமா வேணாமான்னு அவங்கதான் முடிவு பண்ணணும்."

கண்டக்டர் கையில் போர்வை நழுவியது. பூசாரி கேட்டால் இல்லை என்ற பேச்சே கிடையாது. ஆனால் ஒவ்வொரு வரத்தோடும் ஒரு விரதம். மந்திரவாதிக்கு நிபந்தனை இல்லை, கைச்சரக்கு தீர்ந்துபோகும். பூசாரிக்குச் சரக்கு தீராது, விரதம் ஏறிக்கொண்டே போகும். கூட்டிக் குறைத்து வராத தெளிவு இப்போது தானாக வந்தது.

"சரி. விரதம் என்னன்னு நான் சொல்றேன்," என்றார் உற்சாகமாக.

மனைவி ஒரு புருவத்தை உயர்த்தினார்.

"சரி சரி. நான் சொல்லல. பக்கத்துல உக்காந்து ஆடுறவங்க சொல்லட்டும்."

மறுநாள் காலையில் மேசை புறப்பட்டது. கதவுப் பலகை லிப்டுக்குள் நுழையவில்லை. லிப்ட் மெக்கானிக் அதைத் தன் தொழிலுக்கே நேர்ந்த அவமானமாக எடுத்துக்கொண்டு நாலு விதமாகத் திருப்பிப் பார்த்துத் தோற்றான். வேறு வழியில்லாமல் மாமனும் மைத்துனனும் மாடிப்படி வழியாக மொட்டைமாடி அறைக்குத் தூக்கினார்கள். இனி ஆட்டம் அங்கேதான்.

"அக்கா, நீ கேட்டது கிடைச்சாச்சு," என்றான் தம்பி, மூச்சு வாங்க. "புது விதிப்படி விரதம் சொல்ல வேண்டியது நான்தானே? முன்னறைல முதல் ஆளா இந்த மேசையத் தூக்கினவங்க முதுகைப் பாக்கணும். அதுவரைக்கும் வேற யாரையும் தொடக் கூடாது."

"ஒத்துக்கிறேன்," என்றார் அக்கா.

அவன் விளையாட்டாகச் சொன்னான். ஆனால் கடைசித் திருப்பத்தில் கண்டக்டரின் இடுப்பு நிஜமாகவே பிடித்துக்கொண்டது. அந்த இடுப்போடுதான் அவர் மனைவியுடன் விளையாட்டுக் கடைக்குப் போனார்.

அன்றைக்கு ஆட வந்தவர்கள் ஒரு டாக்சி டிரைவர், அக்கா தங்கை இருவர், வங்கியில் கேஷியராக இருக்கும் கண்டிப்பான மனிதர் ஒருவர். கண்டக்டர் சுவரில் சாய்ந்து நின்றபடி விதிகளைச் சொன்னார். பூசாரி என்றதும் வழக்கம்போல எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். "கேட்டது எப்பவும் கிடைக்கும். பக்கத்துல இருக்கிறவர் ஒரு விரதம் சொல்வார், அதை அன்னிக்குப் பொழுது சாயிற வரைக்கும் காப்பாத்தணும், தவறினா கிடைச்சதெல்லாம் போயிடும்," என்று முடித்தார். கேஷியர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, "எப்பவுமா?" என்று கேட்டார்.

"எப்பவும்."

"அப்ப அது எனக்கு."

முதல் வேண்டுதலில் கோட்டைக் கதவு திறந்தது. டிரைவர் சொன்ன விரதம், இன்றைக்கு முழுக்கப் பொய் பேசக் கூடாது. கேஷியர் பூ என்று ஊதித் தள்ளினார். இரண்டாவது வேண்டுதலில் சிறகு முளைத்தது. தங்கைக்காரி சொன்ன விரதம், கண்ணில் படுகிற எல்லா உயிருக்கும் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும். கொஞ்ச நேரத்தில் நால்வரும் புதருக்குள் ஒளிந்திருக்க, காவலன் வந்து யாரது என்றான். கேஷியர் தலையைத் தூக்கி வணக்கம் சொல்லி, தாங்கள் யார், எதற்கு வந்தோம், எங்கே இருக்கிறோம் என்று அனைத்தையும் ஒப்பித்தார். மந்திரவாதியாக ஆடிய அக்காக்காரி கடைசிச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதைப் போட்டுவிட்டால் விடியும்வரை ஒன்றும் இல்லையே என்று கஞ்சத்தனமாகத் தவித்தாள். "நீங்க இன்னொண்ணு வேண்டிக்கோங்க சார்," என்றாள். "ஏற்கெனவே மூணாவது வேண்டுதலுக்கு உக்காரக் கூடாதுன்னு வேற விரதம் இருக்கும்மா, இன்னொண்ணு ஏத்துனா நான் மூச்சுக்கூட விட முடியாது," என்றார் கேஷியர். நாற்காலி பக்கத்திலேயே இருக்க, அவர் நிஜமாகவே எழுந்து நின்றுகொண்டுதான் ஆடினார்.

டீ ஆறிப்போயிற்று. யாருடைய போனும் வெளியே வரவில்லை. கதவோரம் நின்றிருந்த கண்டக்டரின் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைக்காரம்மா கண்டக்டரைத் தனியாக அழைத்தார். மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதே தாயே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். எதிர்ப்பக்கம் நின்று கேட்கும்போதுதான் அந்த வார்த்தையின் கனம் தெரிகிறது.

"அடுத்த ஆட்டத்துல யாரு பூசாரின்னு உள்ளே இப்பவே தகராறு நடக்குது," என்றார் அவர். "அச்சடிச்சிடலாங்க."

கண்டக்டர் கும்பிடக் குனிந்தார். குனிந்தவரால் நிமிர முடியவில்லை. மனைவி வந்து கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

முன்னறை பெரிதாக இருந்தது. மேசை இருந்த இடத்தில் சாயங்கால வெயில் தரை முழுக்க விழுந்திருந்தது. நடுவில், உறை பிரித்த கட்டில். கண்டக்டர் குப்புறப் படுத்துக்கொண்டார். மனைவியின் கட்டைவிரல் இடுப்பில் சரியான இடத்தைத் தேடிப் பிடித்து அழுத்தியது.

"வலி போயிடுமா?"

"போயிடும்," என்றார் அவர் உடனே. "ஆனா ஒரு விரதம் உண்டு."

"சொல்லு."

"யாரு எது கேட்டாலும், இனிமே இந்த வீட்டுல ஆமான்னு சொல்லுங்க, இல்ல முடியாதுன்னு சொல்லுங்க. அந்த இன்னொரு வார்த்தை வேண்டாம்."

பழக்க தோஷம், கண்டக்டரின் உதடு ஒட்டிப் பிரிந்து அந்த வார்த்தைக்குத் தயாரானது. அவர் அதை அப்படியே மென்று விழுங்கினார்.

"ஆமா," என்றார்.